ஈரம் கழித்த எடை

"தொண்ணூத்து மூணு!" என்று கூவினேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையை எங்கள் தோட்டத்தில் மடுவம் என்பார்கள். அதன் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. என் குரல் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் கத்தினேன்.

தொங்கு தராசின் கொக்கியில் ஒரு கொழுந்துச் சாக்கு. சாக்குக்குள்ளே ஒரு நாய்க்குட்டி. தலையும் முன்னங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டிலில் ஆடுகிற பிள்ளையைப் போல அது நிம்மதியாகச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டி என்று சொன்னேனே, பிறந்து ஐந்து மாதம்தான். ஆனால் இரண்டு ஆள் சேர்ந்து 'ஏலேலோ' போட்டுத்தான் கொக்கியில் மாட்டினார்கள். சாக்கின் எடை போகத் தொண்ணூற்று மூன்று றாத்தல், அதாவது பவுண்டு. முந்தைய வாரத்தைவிட ஆறு கூடுதல்.

மடுவத்துக்கு வெளியே நாற்பது பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய கொழுந்தை நிறுக்காமல் முதலில் நாயை நிறுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு அன்று தப்பாகத் தோன்றவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்றவள் வீராயி. என் வயதுதான் இருக்கும். நெற்றியிலிருந்து தண்ணீரை வழித்து விட்டுக்கொண்டு கேட்டாள்:

"ஐயா, ஈரம் கழிச்சீங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மழை நாளில் பறிக்கும் கொழுந்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கு எடை உண்டு. ஆகவே நிறுக்கிறவர் ஈரத்துக்கென்று சில றாத்தல்களைக் கழித்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். எத்தனை கழிப்பது என்பது அவர் இஷ்டம். நான் ஒரு முறை வைத்திருந்தேன். மடுவத்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பேன். தூறல் என்றால் இரண்டு, மழை என்றால் நான்கு, அடைமழை என்றால் ஆறு. எல்லாருக்கும் ஒரே கழிவு என்பதால் நான் நியாயஸ்தன் என்பது என் எண்ணம். கழிவு போக எடை குறைந்துபோனால் அன்றைய நாளுக்கு அவளுக்கு அரைப் பேர்தான் விழும். நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவளுக்கு அரை நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவேன்.

அன்று பெய்தது என் கணக்கில் நான்கு றாத்தல் மழை. வீராயியின் கூடையில் மட்டும் ஆறு கழித்தேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

தராசுக் குடும்பம்

பதுளைக் கடைவீதியில் இருந்த எங்கள் மளிகைக் கடையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். "உங்கள் அப்பா தராசைத் தொட்டுக் கும்பிடுவாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கும்பிடுவார். அது மட்டுமா, அந்தத் தராசில் அரிசி பருப்போடு மனிதரையும் நிறுத்துக் கொடுத்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலையில் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு கடைக்கு வருவார்கள். அப்பா தட்டில் துணி விரித்து, மறு தட்டில் படிக்கல் வைத்து, குழந்தையை நிறுத்துச் சொல்வார். போன மாதத்தைவிட ஏறியிருந்தால் தாய்க்குத் தலைகால் புரியாது. அந்தச் சந்தோஷத்தில் கால் றாத்தல் வெல்லம் சேர்த்து வாங்குவாள். இறங்கியிருந்தால் அப்பா கற்கண்டு கொடுத்துத் தேற்றி அனுப்புவார். ஒரு தடவை ஒரு பிள்ளை தட்டிலிருந்து பக்கத்துச் சம்பா மூட்டைக்குக் குறி தவறாமல் நீர் பாய்ச்சியது. அந்த அரிசியை அப்பா என்ன செய்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஆக, எடை ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. அரிச்சுவடிக்கு முன்னால் நான் படித்த பாடம் இதுதான்.

கடையில் அண்ணன்மார் இருவர் உட்கார்ந்தபின் எனக்கு இடமில்லை. எங்களிடம் சாமான் வாங்கும் துரை ஒருவர், நிறுக்கவும் எழுதவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். அப்பா என்னை அனுப்பி வைத்தார். கொஸ்லந்தைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நான் கணக்கப்பிள்ளை ஆனேன்.

மேலே பங்களாவில் துரை. கீழே வரிசை வீடுகளான லயங்களில் சனங்கள். நடுவில் ஒரு சின்ன வீட்டில் நான். மேலே போய் உட்கார்ந்து பேசவும் முடியாது, கீழே போய் உட்காரவும் கூடாது. கல்யாணமும் ஆகவில்லை. சாயங்காலமானால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். சீசர் என்ற அந்தக் குட்டி எனக்கு என்னவாக இருந்தான் என்பது புரிய இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்புத்தளையில் வந்து இறங்கியவன்

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. துரை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அப்புத்தளை ஸ்டேஷனில் தன் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கும், போய் எடுத்து வா என்றார். மாட்டு வண்டியில் போனேன்.

ஸ்டேஷனில் முன்னால் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பெட்டி எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. அழுகைச் சத்தம் வழி காட்டியது. பலகைப் பெட்டிக்குள் வைக்கோல் நிறத்தில் ஒரு குட்டி, இரண்டு மாதக் குட்டி. கிரேட் டேன் என்ற பெரிய சாதி நாய் என்று துரை சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பாதங்கள்தான். உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியவை. யாரோ பெரிய நாயிடம் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வந்த மாதிரி.

குளிரில் நடுங்கியது. என் கோட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். அல்துமுல்லை தாண்டுவதற்குள் கோட்டை நனைத்தது, என் மோவாயை நக்கியது, பிறகு தூங்கிப்போனது. கொஸ்லந்தை வரை நான் அசையாமல் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பயணத்துக்காக இன்றும் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் துரை சீமைக்குப் புறப்பட்டார். ஆறு மாத லீவு. குதிரையில் ஏறியபின் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"கணக்கப்பிள்ளை, நான் வர்ற நேரம் சீசர் நல்லா பெருசா இருக்கணும். நீ பாக்கணும்."

பெருசா என்றால் எத்தனை றாத்தல் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியது தப்பு. கேட்டிருந்தால் அவராவது சிரித்து என்னைத் திருத்தியிருப்பார்.

எட்டு முட்டை

பங்களாவில் சமைத்த அப்புவும் நானும் கூட்டுச் சேர்ந்தோம். காலையில் எருமைப் பாலில் குரக்கன் என்கிற கேழ்வரகுக் கஞ்சி, நாலு முட்டை. மத்தியானம் மாட்டெலும்புச் சாற்றில் சோறு. நான் சைவம். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாற்றை ஆற்றிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் கட்டித் தயிர். எலும்பு உறுதிப்படட்டும் என்று எலும்பை இடித்துத் தூளாக்கி அதற்குள் கலந்தோம். பதுளையிலிருந்து எனக்காக அம்மா அனுப்பிய நெய்யும் சீசர் வயிற்றுக்குத்தான் போயிற்று.

வாரத்துக்கு ஒரு நாள் தராசு. எடை ஏற ஏற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தொண்ணூற்று மூன்று கூவிய மறுவாரம் பார்த்தேன், சீசர் பத்தடி நடந்தால் உட்காருகிறான். முன்னங்கால்கள் மணிக்கட்டு போன்ற இடத்தில் வீங்கி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி நின்றன. எழுந்திருக்கும்போது முனகினான்.

பலம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். நாலு முட்டை எட்டு முட்டை ஆயிற்று.

தோட்டத்து மருந்துக்காரர் தைலம் கொடுத்தார். கண்ணேறு என்று கோயில் பூசாரி கறுப்புக் கயிறு கட்டினார். நான் தைலமும் தேய்த்தேன், விபூதியும் பூசினேன், நெய்யும் ஊற்றினேன். எடை நூற்று நாலு. அந்த எடையை நான் கூவவில்லை. சாக்கிலிருந்து இறக்கி விட்டதும் சீசர் இறங்கிய இடத்திலேயே படுத்துக்கொண்டான்.

துரை இல்லாத நாட்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் சின்ன துரை. கெட்டவர் அல்ல, ஆனால் சுருக்கமானவர். சீசரை நடக்க வைத்துப் பார்த்தார். குனிந்து காலைத் தொட்டார். சீசர் கத்தினான்.

"இது நொண்டி நாய். வலி. வச்சிருக்கிறது பாவம்" என்றார்.

"சரியாகிடுங்க தொரை."

"ஆறு வாரம். அதுக்குள்ள மடுவத்திலிருந்து பங்களா வரைக்கும் தன் காலால ஏறி வரணும். வரல்லைன்னா நான் சுடுவேன். பெரிய தொரை இதைப் பாக்க வேணாம்."

மடுவத்திலிருந்து பங்களாவுக்கு மலையில் வெட்டிய கல்படிகள் அறுபத்து நாலு. சீசரால் என் வீட்டு வாசற்படி ஒன்றைக்கூட ஏற முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை. என்னைக் கண்டதும் வாலாட்ட அந்த மலையில் எனக்கு வேறு யாரும் இல்லை.

பீலிக்கரை

'ஈரம் கழிச்சீங்களா?' என்ற வீராயியின் கேள்வி மட்டும் காதிலேயே நின்றது. அவளை வேலை வாங்கும் கங்காணியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "அவ கம்பத்துப் பக்கமுங்க. அவ அப்பன் பன்றி வேட்டைக்காரன். வேட்டை நாய்ங்களோட பொறந்து வளந்தவ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சீசரைக் கயிற்றில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி நடத்திக்கொண்டு பீலிக்குப் போனேன். மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடம் அது. லயத்துப் பெண்கள் துவைப்பார்கள். கணக்கப்பிள்ளை அங்கே வரக்கூடாது. என்னைக் கண்டதும் மற்றவர்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினார்கள். வீராயி நகரவில்லை. கையிலிருந்த கம்பளியை அலசி, பிழிந்து, கல்லில் விரித்த பிறகுதான் திரும்பினாள்.

"என்னங்கய்யா, இன்னும் கழிக்க வேண்டியது இருக்கா?"

"சீசரைச் சுடப்போறாங்க வீராயி" என்றேன்.

அவள் முகம் மாறியது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சீசர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைத் தொடவில்லை. விலாவில் கை வைத்தாள். பிறகு எழுந்து நின்று மேலிருந்து முதுகைப் பார்த்தாள்.

"இங்க வந்து நின்னு பாருங்க. இவனுக்கு இடுப்பு எங்க இருக்கு?"

பார்த்தேன். தோளிலிருந்து வால்வரை ஒரே அகலம்.

"இப்ப அவன் விலாவ எண்ணுங்க."

தடவினேன். எதுவும் அகப்படவில்லை.

"எப்படித் தெரியும்? எம்புட்டு இருக்கணும்?" என்று கேட்டேன்.

"உங்க கையிலயே இருக்குங்க. கைய முட்டியா மடக்குங்க. மத்தக் கையால வெரல் கணு மேல தடவிப் பாருங்க. நாய் விலா அப்படித் துருத்திட்டு நின்னா அது பட்டினி. இப்ப கையத் திருப்பி உள்ளங்கையத் தடவுங்க. மெத்து மெத்துன்னு இருக்கா? விலா அப்படி இருந்தா கொழுப்பு. இப்ப கைய விரிச்சு வச்சுப் புறங்கையத் தடவுங்க. எலும்பு கண்ணுக்கு அவ்வளவாத் தெரியல, வெரலுக்குத் தெரியுதில்ல? அதுதாங்க வேணும்."

நான் என் புறங்கையைத் தடவினேன். சீசரைத் தடவினேன். அவன் உடம்பில் இருந்தது உள்ளங்கை.

"எடை இருக்கு, நாயி எங்கங்கய்யா? மழைக் கொழுந்து மாதிரிதான். எலும்பு இன்னும் பிஞ்சு. அது மேல நீங்க நூறு றாத்தல் மூட்டைய ஏத்தி வச்சிருக்கீங்க. வளையாம என்ன செய்யும்?"

"குறைச்சுப் போட்டா வளராமப் போயிடுமே? தொரை பெருசா இருக்கணும்னு சொன்னாரே?"

"எம்புட்டு உயரம்னு ஆத்தா அப்பன்கிட்டருந்து வாங்கிட்டு வந்திருப்பான். நீங்க ஊட்டுறது சீக்கிரம் வளத்தும், கூட வளத்தாது. பெரிய சாதி நாய் ரெண்டு வருசம் வளரும். நீங்க ஆறு மாசத்துல முடிச்சிறப் பாக்குறீங்க."

முட்டை இரண்டாகட்டும், நெய்யும் எலும்புத் தூளும் நிற்கட்டும், சோறு பாதியாகட்டும் என்றாள். ஓட விடக்கூடாது, படி ஏற்றக்கூடாது, புல்தரையில் மெதுவாக நடக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள் விலாவில் கை வைத்துப் பார்க்கவேண்டும்.

"தராச மறந்துருங்க" என்றாள்.

என் பரம்பரைக்கே அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

"உனக்கு என்ன வேணும் வீராயி?"

கல்லில் விரித்த கம்பளியைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணும் வேணாங்க. நாயிக்கு எப்படிக் கைய வச்சுப் பாத்தீங்களோ, அப்படி எங்க கூடையிலயும் ஒரு கைய விட்டுப் பாத்துட்டுக் கழிங்க. வானத்தப் பாத்துக் கழிக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவேண்டும். வந்திருந்தால் நான் பழைய ஆளாகவே இருந்திருப்பேன். நாய் விஷயத்தில் அவள் சொன்னது அத்தனையும் என் கைக்குத் தெரிந்துவிட்டதே. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மீசையில் தயிர்

முதல் வாரம் நரகம். சீசர் காலித் தட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். அப்பு என்னோடு பேசுவதை நிறுத்தினார். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக் கொல்றீங்க" என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எடை இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். இறங்குவதை விரும்ப எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தாங்க முடியாமல் ஒரு சட்டித் தயிர் வைத்துவிட்டேன். மத்தியான நிறுவைக்கு வந்த வீராயி, மடுவத்து மூலையில் படுத்திருந்த சீசரின் வாயோரத்து வெள்ளையைக் குனிந்து பார்த்தாள்.

"கெட்டிக்காரன்தான், மீசையத் தொடைக்க மறந்துட்டான். ஐயா ஒங்களத்தான் சொல்றேன்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்த மாதிரி கூடைகளில் கைவிட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். சிலருடைய கொழுந்து உண்மையிலேயே சொட்டச் சொட்ட இருந்தது. சிலருடையது மேலே மட்டும் ஈரம். வானம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. கூடைகள் ஒன்றாக இல்லை.

ஒரு நாள் அடைமழை. பழைய முறைப்படி என்றால் ஆறு கழிவு. வீராயியின் கூடை கொக்கியில் ஏறியது. கையை அடிவரை விட்டேன். காய்ந்து, உள்ளுக்குள் லேசாகச் சூடாக இருந்தது கொழுந்து. நம்ப முடியாமல் இன்னொரு தடவை விட்டேன். பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

மற்றப் பெண்கள் மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டிருந்தார்கள். வீராயியின் தலையில் ஒன்றுமில்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் வழிந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுடைய கம்பளி கூடையின் மேல் இருந்தது. கொழுந்து நனையாமல் இருக்க அதைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"நீங்க கழிக்க ஆரம்பிச்ச நாள்லருந்துங்க. ஒரு நாளாவது கைய விட்டுப் பாப்பீங்கன்னுதான்."

மூன்று வருஷம். மூன்று வருஷமாக அவள் நனைந்து, கொழுந்தை நனையாமல் கொண்டுவந்திருக்கிறாள். நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுக் கழித்திருக்கிறேன். நாயைக் கிண்டல் செய்தாள் என்பதற்காக ஒரு நாள் கூடுதலாகவும் கழித்திருக்கிறேன். அரைப் பேர் விழுந்த நாட்கள் எத்தனை என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் எடையைக் கழிவில்லாமல் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்தில் நின்றவர் இரண்டாம் தடவை கேட்டார்.

அறுபத்து நாலு படிகள்

நாலாவது வாரம் சீசர் முனகாமல் எழுந்தான். ஐந்தாவது வாரம் மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சுக்குப் பின்னால் வயிறு மேலேறி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விலாவில் கை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் எண்ணிக்கொண்டே போயிற்று. வீக்கம் வற்றியிருந்தது. பாதங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்தன.

படி ஏறுவானா? எனக்குத் தெரியாது. ஏற்றிப் பார்க்க வீராயி விடவில்லை. "அவன் ஏற வேண்டியது ஒரு தடவைதானே? அத இன்னிக்கே செலவழிக்காதீங்க" என்றாள்.

ஆறாம் வாரக் கடைசியில், காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்து அவர்கள் மலைக்குப் போனபின், சின்ன துரை மேல்படியில் வந்து நின்றார். தோளில் துப்பாக்கி. நான் கீழே மடுவத்து வாசலில். கையில் கயிறு இருக்கக் கூடாது, முன்னால் போய்க் கூப்பிடவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்தான் மேலிருந்து சீட்டியடித்தார்.

சீசர் என்னைப் பார்த்தான். "போ" என்றேன்.

முதல் பத்துப் படிகளைத் தாவினான். இருபதில் நிதானித்தான். படிகளுக்கு இருபுறமும் தேயிலை. அன்று கங்காணி அந்த மலையில்தான் பெண்களை விட்டிருந்தார். கை பறித்துக்கொண்டிருந்தது, கண் எல்லாம் படியில்.

முப்பத்தைந்தாவது படியில் சீசர் உட்கார்ந்தான்.

சின்ன துரை மறுபடி சீட்டியடித்தார். சீசர் எழவில்லை. துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. வீராயி படியோரத்துச் செடியில்தான் நின்றாள். அவள் சீசரைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்:

"மூச்சு வாங்குறாங்கய்யா, கால் வலியில்ல. காலப் பாருங்க, சமமா ஊனி இருக்கான். பயப்படாதீங்க."

பார்த்தேன். முன்பு உட்கார்ந்தால் வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். இப்போது இரண்டு பாதங்களும் கல்லில் அழுந்தி நின்றன. அவன் நாக்கைத் தொங்கவிட்டுப் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்தான். பிறகு தானாக எழுந்து, மிச்சம் இருபத்தொன்பது படிகளையும் ஏறிப்போய், சின்ன துரையின் துப்பாக்கிக் கட்டையை முகர்ந்துவிட்டு அவர் காலடியில் படுத்தான்.

சின்ன துரை துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். நான் கீழே மடுவத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடிகாரம்

பெரிய துரை திரும்பி வந்தபோது சீசரின் தலை என் இடுப்புக்கு மேலே இருந்தது. அவன் வயதுக்கு இருக்கவேண்டிய உயரத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. துரை அவனை முன்னும் பின்னும் நடக்க வைத்துப் பார்த்தார்.

"எத்தனை றாத்தல்?" என்று கேட்டார்.

"நிறுக்கலீங்க தொரை. கைய வச்சுப் பாருங்க."

பார்த்தார். முகம் மலர்ந்தது. மறுநாள் பெரட்டுக் களத்தில், எல்லாருக்கும் முன்னால், சீமையிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளிக் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். இப்படி நாய் வளர்க்க இந்த ஊரில் ஆள் இல்லை என்றார். பெண்கள் வரிசையில் வீராயி நின்றாள். அவள் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். கணக்கப்பிள்ளைக்குக் கொழுந்து பறிக்கிறவள் சொல்லிக் கொடுத்தாள் என்று துரை முன்னால் சொல்ல வாய் வரவில்லை. சலாம் போட்டுவிட்டுக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானமும் மழை. வீராயி கூடையைக் கொக்கியில் மாட்டினாள்.

"ஐயாவுக்குக் கடிகாரம் கெடச்சிருக்கே. ஓடுதுங்களா?"

"நான் உன் பேரைச் சொல்லியிருக்கணும் வீராயி."

"எனக்கெதுக்குங்க கடிகாரம்? தப்பு அடிச்சா எந்திரிக்கிறேன், கொம்பு ஊதினா வீட்டுக்குப் போறேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கைய விட்டுப் பாருங்கய்யா. வரிசை நனையுது" என்றாள்.

கையை விட்டேன். அடிவரை காய்ந்திருந்தது.

எடையை முழுசாகச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று என்று கூவினேனே, அதைவிடப் பலமாகச் சொன்னேன். அவள் கூடையிலிருந்த கம்பளியை எடுத்து உதறித் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த வரையில் மழை நாட்களில் அவள் தலையில் கம்பளி இருந்தது. கூடையைப் போர்த்தி வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இருக்கிற ஈரத்துக்கு மேல் யாருக்கும் நான் கழித்ததில்லை.

சீசர் ஒன்பது வருஷம் இருந்தான். அந்தச் சாதிக்கு அது நீண்ட ஆயுள் என்று துரை சொல்வார். கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. இன்றும் தெருவில் ஒரு நாய் வந்து காலை முகர்ந்தால், என் கை தானாக அதன் விலாவுக்குப் போகிறது. விரல் எண்ணத் தொடங்குகிறது.

வீராயி எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். சீசரை வளர்த்தது அவள்தான். பெரட்டுக் களத்தில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். இப்போது எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்.